மூக்கிலே ஒரு பேரு... முதலாளி வேற ஆளு! வண்டி வாங்கும் முன்னே மலைக்காரங்க கேட்க வேண்டிய 3 கேள்வி

எமரால்டு:

ஊட்டிக்கும் எமரால்டுக்கும் ஓடுற டாக்சி, மேட்டுப்பாளையம் மண்டிக்கு கேரட் மூட்டை ஏத்திட்டு இறங்குற பிக்கப், தோட்டத்துக்கு ஆள் கொண்டு போற ஜீப்... எந்த வண்டியானாலும் மூக்கிலே ஒரு கம்பெனி பேர் இருக்கும். அந்தப் பேரை நம்பித்தான் கடன் வாங்கி வண்டி எடுக்கிறோம். 5 வருஷம், 7 வருஷம் தவணை கட்டுகிறோம்.

ஆனால் பேருக்குச் சொந்தக்காரர் ஒருத்தர், வண்டியைச் செய்பவர் வேறொருத்தர், இவங்க ரெண்டு பேருக்கும் மேலே முதலாளி இன்னொருத்தர் என்று இருப்பது இன்றைக்கு சர்வ சாதாரணம். தவணை முடியும் முன்பே கம்பெனி கடையைக் கட்டிவிட்டால்? ஸ்பேர் எங்கே கிடைக்கும்? வண்டியை விற்கப் போனால் யார் வாங்குவார்?

சென்னை அருகே ஒரகடத்தில் 2025-ம் ஆண்டு நடந்த ஒரு கைமாற்றம் இந்தக் கேள்வியை மறுபடி கிளப்பி விட்டிருக்கிறது.

வீட்டுக்காரர் குடித்தனக்காரர் ஆன கதை

ஒரகடத்தில் ரெனால்ட், நிசான் ரெண்டு கம்பெனியும் சேர்ந்து கட்டிய கார் தொழிற்சாலை 2010 மார்ச்சில் திறக்கப்பட்டது. ரெனால்ட் பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி. நிசான் ஜப்பான் கம்பெனி. வருஷத்துக்கு 4 லட்சத்துக்கும் மேல் கார் செய்யக்கூடிய பெரிய ஆலை இது.

இதில் நிசானுக்கு 51 சதவீதம், ரெனால்ட்டுக்கு 49 சதவீதம் பங்கு இருந்தது. அந்த 51 சதவீதத்தையும் வாங்கிக்கொள்வதாக 2025 மார்ச் 31-ந் தேதி ரெனால்ட் அறிவித்தது. ஆகஸ்டில் கைமாற்றம் முடிந்தது. இப்போது ஆலை முழுக்க ரெனால்ட்டுக்குச் சொந்தம்.

அப்படியானால் நிசான் கார் வராதா? வரும். அதே ஆலையில், அதே தொழிலாளர் கையால்தான் வரும். ஆனால் இனிமேல் ரெனால்ட் செய்து கொடுக்க, நிசான் வாங்கி விற்கும். நேற்று வரை பாதிக்கு மேல் வீடு தன் பேரில் வைத்திருந்தவர், இன்றைக்கு அதே வீட்டில் குடித்தனக்காரர் ஆகிவிட்டார். அவ்வளவுதான் வித்தியாசம்.

நிசானுக்கு ஏன் இந்த நிலைமை? உலகம் முழுக்க கம்பெனிக்கு கஷ்ட காலம். ஹோண்டாவுடன் இணையப் பேசிய பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது. அதே ஆண்டு மே மாதம், 20 ஆயிரம் பேரை வேலையிலிருந்து குறைப்பதாகவும், 17 ஆலைகளை 10 ஆக்குவதாகவும் நிசான் அறிவித்தது. ஜப்பானில் தும்மல் போட்டால் ஒரகடத்தில் சளி பிடிக்கும் என்பது இதுதான்.

அதே சமயம் இந்தியாவை விட்டுப் போகவில்லை என்று காட்ட டெக்டான், கிராவைட் என்று புது மாடல்களின் பேரையும் 2025-ல் நிசான் வெளியிட்டது. டெக்டான், ரெனால்ட் டஸ்டரின் கூடப்பிறந்த வண்டி. கிராவைட், ரெனால்ட் ட்ரைபரை வைத்துச் செய்தது. அதாவது புதுப் பேர், பழைய சொந்தம்.

ஒரே வண்டி, ரெண்டு சட்டை

இந்த ஆலையில் இது புதுசு இல்லை. நிசான் மைக்ரா காரின் முகத்தைக் கொஞ்சம் மாற்றி ரெனால்ட் பல்ஸ் என்று விற்றார்கள். நிசான் சன்னி, ரெனால்ட் ஸ்காலா ஆனது. ரெனால்ட் டஸ்டர், நிசான் டெரானோ ஆனது. உள்ளே இருப்பது ஒரே வண்டி. சட்டைதான் வேற.

மூணாவதாக ஒரு சட்டையும் இருந்தது. அதுதான் டட்சன். நிசான் கம்பெனி தன்னோட பழைய பேரைத் தூசி தட்டி எடுத்து, ஏழைகளுக்கும் கட்டுபடியாகும் கார் என்று 2014-ல் டட்சன் கோ காரை இங்கே இறக்கியது. 2016-ல் ரெடி-கோ வந்தது. எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. 2022 ஏப்ரலில் டட்சன் பேருக்கே மூடுவிழா நடத்திவிட்டார்கள்.

கவனியுங்க, மூடியது பேரை மட்டும்தான். ஆலை ஓடுகிறது. நிசான் விற்கிறது. ஆனால் டட்சன் வாங்கியவர் கதி என்ன? சர்வீசும் ஸ்பேரும் கிடைக்கும் என்று கம்பெனி சொன்னது. இருந்தாலும் பேர் நின்று போன வண்டிக்கு செகண்ட் ஹேண்ட் மார்க்கெட்டில் மவுசு குறைவது உலக வழக்கம்.

இதில் ஒரு ஆறுதல் உண்டு. ரெடி-கோ காரும் ரெனால்ட் க்விட் காரும் ஒரே அடித்தளத்தில் செய்தவை. எஞ்சினும் ஒரே குடும்பம். கோ காரின் எஞ்சினுக்கும் மைக்ரா எஞ்சினுக்கும் சொந்தம் உண்டு. விவரம் தெரிந்த மெக்கானிக், டட்சனுக்குப் பொருள் இல்லையென்றால் க்விட்டுக்கு வந்த பொருளைத் தேடிப் பார்ப்பார். பேர் செத்தாலும் கூடப்பிறந்தது உயிரோடு இருந்தால் வண்டி பிழைத்துக்கொள்ளும்.

அண்ணன் தம்பியா, வெறும் கூட்டாளியா?

ரெண்டு பேரில் ஒரே வண்டி ஓடினால், அவங்க உறவு என்ன என்று பார்க்கணும். ரெண்டு வகை இருக்கிறது.

முதல் வகை, ஒரே குடும்பம். ஹூண்டாய், கியா ரெண்டும் அப்படித்தான். கொரியாவில் கியா நொடித்த பிறகு 1998-ல் ஹூண்டாய் அதை வாங்கியது. இன்றைக்கு கியாவில் மூணில் ஒரு பங்கு ஹூண்டாய் கையில் இருக்கிறது. நம்ம ஊர் இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் ஹூண்டாய் கார் செய்கிறது. கியா ஆலை ஆந்திராவில், பெனுகொண்டாவில் இருக்கிறது. 2019-ல் செல்டாஸ் காரோடு விற்பனை தொடங்கியது. கடையில் கிரெட்டாவும் செல்டாசும் எதிரிகள். ஆனால் கியாவுக்கு எஞ்சின், கியர் பாக்ஸ் சப்ளை செய்வதே ஹூண்டாய் இந்தியாதான். வெளியே போட்டி, வீட்டுக்குள்ளே ஒரே பானைச் சோறு.

குடும்பம் என்றால் சம்பாத்தியம் எங்கே போகும் என்பதும் தெரியணும். 2024 அக்டோபரில் ஹூண்டாய் இந்தியா பங்குச் சந்தைக்கு வந்தது. 27 ஆயிரத்து 870 கோடி ரூபாய் திரண்டது. அதுவரை நாட்டில் அவ்வளவு பெரிய பங்கு வெளியீடு நடந்ததில்லை. ஆனால் அந்தப் பணம் இருங்காட்டுக்கோட்டை ஆலைக்கு வரவில்லை. பங்கை விற்றது கொரியாவில் இருக்கிற தாய்க் கம்பெனி. பணமும் அங்கேதான் போனது.

ரெண்டாவது வகை, கூட்டாளி. மாருதியும் டொயோட்டாவும் இந்த வகை. மாருதியில் பாதிக்கு மேல் பங்கு ஜப்பானின் சுசுகி கையில் இருக்கிறது. 2002-லேயே அது சுசுகி பிடிக்கு வந்துவிட்டது. டொயோட்டாவுக்கு சுசுகியில் இருப்பது சுமார் 5 சதவீதம்தான். முதலாளி இல்லை, பங்காளி. ஆனாலும் மாருதி பலேனோவை கிளான்சா என்று டொயோட்டா விற்கிறது. எர்டிகா, ரூமியன் ஆகிறது. எதிர்ப்பக்கமும் நடக்கிறது. டொயோட்டாவின் இன்னோவா ஹைகிராஸ், மாருதி கடையில் இன்விக்டோ. 2022-ல் வந்த மாருதி கிராண்ட் விட்டாராவைச் செய்து கொடுத்ததே பெங்களூர் பக்கம் பிடதியில் இருக்கிற டொயோட்டா ஆலைதான்.

இங்கே வாங்குபவருக்கு என்ன லாபம்? ரெண்டு ஷோரூமிலும் ஏறி இறங்கலாம். விலை, வாரண்டி, சர்வீஸ் சார்ஜ் மூணையும் பேசிப் பார்க்கலாம். வண்டி ஒண்ணுதான், பேரம்தான் வேற. ஆனால் கூட்டாளி உறவு நாளைக்கே முறியலாம். குடும்ப உறவு அவ்வளவு சீக்கிரம் முறியாது. இதை மனசில் வைக்கணும்.

பேரு செத்துது... ஆலை பிழைச்சுது

ஊட்டி டாக்சி ஸ்டாண்டில் ஒரு காலத்தில் தவேரா இல்லாத நாள் உண்டா? 10 பேரை ஏற்றிக்கொண்டு மலை ஏறிய வண்டி. செவ்ரோலே என்ற பேரில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் விற்றது. உள்ளே இருந்த அடிப்படை டிசைன் ஜப்பானின் இசுசு கம்பெனியுடையது. 2017 கடைசியோடு செவ்ரோலே இந்தியாவில் விற்பனையை நிறுத்திவிட்டது.

ஆலைகள் என்ன ஆச்சு? தவேரா வெளிவந்த குஜராத் ஹாலோல் ஆலை, சீனாவின் சாயிக் கம்பெனிக்குப் போனது. அங்கேதான் இப்போது எம்.ஜி. கார் செய்கிறார்கள். எம்.ஜி. என்பது பிரிட்டன் பேர், முதலாளி சீனா, 2024 முதல் கூட்டாளி நம்ம நாட்டு ஜிண்டால் குழுமம். மகாராஷ்டிரா தலேகாவ் ஆலையை ஹூண்டாய் வாங்கியது. ரெண்டு ஆலையும் ஓடுகிறது. அனாதை ஆனது தவேரா வைத்திருந்த டிரைவர்தான்.

போர்டு கதை இன்னும் கசப்பு. மறைமலைநகரிலும் குஜராத் சனந்திலும் ஆலை. பத்து வருஷத்தில் 200 கோடி டாலர் நஷ்டம் என்று கணக்குக் காட்டி, 2021 செப்டம்பர் 9-ந் தேதி இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்தது. சுமார் 4 ஆயிரம் பேருக்கு பாதிப்பு என்று கம்பெனியே சொன்னது. இழப்பீடு கேட்டு மறைமலைநகர் தொழிலாளர்கள் 2022-ல் போராடினார்கள். அந்த ஜூலையோடு அங்கே கார் உருள்வது நின்றது.

சனந்து ஆலையை டாடா மோட்டார்ஸ் 725 கோடியே 70 லட்சம் ரூபாய்க்கு வாங்கி 2023 ஜனவரியில் பொறுப்பேற்றது. இதே போர்டிடமிருந்துதான் ஜாகுவார், லேண்ட் ரோவர் ரெண்டு பேரையும் 2008-ல் 230 கோடி டாலருக்கு டாடா வாங்கியது. அந்த பிரிட்டன் கார்களையும் செய்ய ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 9 ஆயிரம் கோடி ரூபாய் ஆலைக்கு 2024 செப்டம்பர் 28-ந் தேதி அடிக்கல் நாட்டப்பட்டது. அமெரிக்கா கையிலிருந்த பிரிட்டன் பேரு, மும்பை முதலாளி, ராணிப்பேட்டை மண். இதுதான் இன்றைய கார் தொழில்.

மறைமலைநகர் ஆலைக்கும் விமோசனம் பேசப்பட்டிருக்கிறது. 3 ஆயிரத்து 250 கோடி ரூபாயில் எஞ்சின் செய்ய 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் போர்டு ஒப்பந்தம் போட்டது. 2029-ல் தயாரிப்பு தொடங்கும் என்றும், 600 பேருக்கு மேல் வேலை கிடைக்கும் என்றும் சொல்லப்பட்டது. கார் இல்லை, எஞ்சின்தான். வேலை போனது ஆயிரக்கணக்கில், திரும்புவது நூற்றுக்கணக்கில்.

ஜீப்பு யாருது? அம்பாசிடர் யாருது?

நம்ம மலையில் நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி எதுவாக இருந்தாலும் 'ஜீப்பு'தான். பெரும்பாலும் அது மகிந்திரா வண்டி. ஆனால் ஜீப் என்ற பேர் மகிந்திராவுடையது இல்லை.

அமெரிக்காவின் வில்லிஸ் ஜீப்பை 1947-ல் இங்கே பூட்டித் தர ஆரம்பித்தது மகிந்திரா. அதன் பிறகு அமெரிக்காவில் அந்தப் பேர் வில்லிசிடமிருந்து கைசர், அமெரிக்கன் மோட்டார்ஸ், கிரைஸ்லர், பியட் என்று கை மாறி, 2021 முதல் ஸ்டெல்லான்டிஸ் என்ற குழுமத்திடம் இருக்கிறது. பேர் அங்கே ஊர் சுற்றிக்கொண்டிருந்தபோது, வண்டியைச் செய்யும் தொழிலை மகிந்திரா இங்கேயே கற்றுக்கொண்டு நின்றுவிட்டது. அதனால்தான் இன்றைக்கும் மலை முழுக்க மகிந்திரா வண்டிக்கு மெக்கானிக்கும் பொருளும் கிடைக்கிறது. ஒரிஜினல் ஜீப் பேரில் வரும் காம்பஸ் கார், டாடாவும் பியட்டும் கூட்டாக நடத்திய புனே பக்கத்து ரஞ்சன்காவ் ஆலையிலிருந்து 2017-ல் வந்தது. அந்த ஆலையில் டாடா காரும் உருண்டது!

அம்பாசிடரும் அப்படித்தான். மேற்கு வங்காளம் உத்தர்பாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 2014 மே மாதம் உற்பத்தியை நிறுத்தியது. 2017-ல் அம்பாசிடர் என்ற பேரை மட்டும் 80 கோடி ரூபாய்க்கு பிரான்சின் பெஜோ கம்பெனிக்கு விற்றது. பெஜோ 2021-ல் ஸ்டெல்லான்டிசுக்குள் கலந்துவிட்டது. ஜீப்பும் அம்பாசிடரும் கடைசியில் போய்ச் சேர்ந்தது ஒரே வீட்டில்!

அதே வீட்டின் சிட்ரோன் கார்கள் திருவள்ளூரில் செய்யப்படுகின்றன. ஒரு காலத்தில் இந்துஸ்தான் மோட்டார்ஸ், மிட்சுபிஷி லான்சர் செய்த இடம் அது. சுவர் அதே சுவர். போர்டுதான் மாறிக்கொண்டே இருக்கிறது.

கேரட் தூக்கும் தோஸ்த் சொல்லும் பாடம்

எல்லாக் கூட்டும் உடைந்தால் வண்டி அனாதைதான் என்று பயப்பட வேண்டாம். அசோக் லேலண்டும் நிசானும் கூட்டு சேர்ந்து 2011-ல் ஓசூரில் தோஸ்த் மினி லாரியை வெளியிட்டன. கூட்டு கசந்தது. வழக்கு வரை போனது. 2016-ல் நிசானின் பங்கை லேலண்டே எடுத்துக்கொண்டது. தோஸ்த் நின்றதா? இல்லை. இன்றைக்கும் காய்கறி மூட்டை சுமந்துகொண்டு ஓடுகிறது.

லோகன் காரும் அப்படித்தான். மகிந்திராவும் ரெனால்ட்டும் சேர்ந்து 2007-ல் இறக்கினார்கள். 2010-ல் பிரிந்தார்கள். மகிந்திரா அதே காரை வெரிட்டோ என்று பேர் மாற்றி விற்றது.

டட்சன், தவேரா கைவிடப்பட்டன. தோஸ்த், லோகன் பிழைத்தன. என்ன வித்தியாசம்? பிழைத்த ரெண்டிலும், கூட்டு உடைந்த பிறகு வண்டியை எடுத்து நடத்த உள்ளூரில் வேர் விட்ட ஒரு கம்பெனி நின்றது. கைவிடப்பட்ட ரெண்டிலும் முடிவு எடுத்தது கடல் தாண்டி உட்கார்ந்திருந்த தாய்க் கம்பெனி. அந்தப் பேரை எடுத்துச் சுமக்க இங்கே யாரும் இல்லை.

மலைக்கு ஏன் இது முக்கியம்?

சமவெளியில் ஒரு வண்டி நின்றால் பக்கத்துத் தெருவில் கடை இருக்கும். இங்கே அப்படி இல்லை. எமரால்டில் பொருள் இல்லையென்றால் ஊட்டி. ஊட்டியில் இல்லையென்றால் குன்னூர். அங்கேயும் இல்லையென்றால் மேட்டுப்பாளையம், கோவை. ஒரு கிளட்ச் பிளேட்டுக்காக ஒரு நாள் வாடகை போகும். மலை ஏற்ற இறக்கத்தில் கிளட்ச்சும் பிரேக்கும் சமவெளியை விட சீக்கிரம் தேயும் என்பது எல்லா டிரைவருக்கும் தெரியும். சீசன் நாளில் வண்டி நின்றால் அந்த மாசத் தவணையே ஆட்டம் கண்டுவிடும். பறித்த கேரட் வண்டிக்காகக் காத்திருக்காது.

அதனால் புதுசோ, செகண்ட் ஹேண்டோ, வண்டி எடுக்கும் முன் 3 கேள்வி கேளுங்க.

1. பேர் யாருது? அந்தப் பேரில் இப்போதும் புது வண்டி விற்கிறதா? ஊட்டியிலோ கோவையிலோ சர்வீஸ் இருக்கிறதா?

2. செய்வது யார்? சேசிஸ் நம்பரின் முதல் 3 எழுத்தைப் பாருங்க. தயாரித்த கம்பெனியை அது காட்டிக் கொடுக்கும். எம்.ஏ.1 என்றால் மகிந்திரா. எம்.ஏ.3 என்றால் மாருதி. எம்.ஏ.எல். என்றால் ஹூண்டாய். எம்.ஏ.டி. என்றால் டாடா.

3. கூடப்பிறந்தது எது? இதே எஞ்சின், இதே அடித்தளத்தில் வேறு பேரில் வண்டி ஓடுகிறதா? அது இன்னும் விற்பனையில் இருக்கிறதா? இருந்தால் பொருளுக்குப் பயம் இல்லை. ஆனால் 'ரெண்டும் ஒண்ணுதான்' என்று கடைக்காரர் வாயால் சொன்னால் போதாது. பழைய பொருளில் இருக்கிற பார்ட் நம்பரையும் புதுசில் இருப்பதையும் ஒத்துப் பார்த்து வாங்குங்க. முக்கியமாக பிரேக், ஸ்டியரிங் பொருளில் 'ஏறக்குறைய பொருந்தும்' என்ற பேச்சே கூடாது.

நின்று போன பேர் வண்டியை வாங்கவே கூடாதா? அப்படி இல்லை. விலை நல்லா குறைத்துக் கொடுத்தால், கூடப்பிறந்த வண்டி ரோட்டில் ஓடினால், தெரிந்த மெக்கானிக் பக்கத்தில் இருந்தால் சொந்த உபயோகத்துக்கு எடுக்கலாம். தினம் ஓடிப் பிழைக்கிற டாக்சிக்கும் பிக்கப்புக்கும் அது ஒத்து வராது. அதுக்கு மூக்கிலே இருக்கிற பேரை விட, மேட்டுப்பாளையம் ஸ்பேர் கடை அலமாரியில் என்ன இருக்கு என்பதுதான் பெரிசு.

கம்பெனிக்காரர் பேரை விற்பார், ஆலையை விற்பார், நாட்டை விட்டே போவார். அவருக்கு நஷ்டத்தை ஈடுகட்ட விற்பதற்கு ஆலையாவது இருக்கு. தவணை கட்டுற நமக்கு இருப்பது ஒரே ஒரு வண்டிதான்.